கல்யாணம் இல்லாத படம்

பல்லக்கா படியேறி வருவது தெரிந்தாலே ரீவைண்ட் அண்ணன் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். வாடகைக்குப் படம் கொடுக்கும் அந்தக் கடைக்கு மற்றவர்களெல்லாம் வருவார்கள், முன்னட்டையில் யார் முகம் இருக்கிறது என்று பார்ப்பார்கள், டிஸ்க்கை எடுப்பார்கள், போவார்கள். பல்லக்காவுக்கு அது போதாது. ஒவ்வொரு பெட்டியையும் திருப்பி, மூக்குக்கு நேராகப் பிடித்து, பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் கதைச் சுருக்கத்தை உதடு அசையப் படிப்பாள். படித்துவிட்டுச் சும்மா வைப்பாளா என்றால் அதுவும் இல்லை. "கடைசியில என்ன ஆகும்ணே?" என்று கேட்பாள். முடிவு தெரியாமல் ஒரு படத்தையும் அவள் வீட்டுக்குள் விட்டது கிடையாது.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். அவள் பல்லில் ஒரு குறையும் இல்லை. பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை, அவ்வளவுதான். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்கை வார்த்து, மோட்டாரில் பிடித்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவாள். எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஆப்பிள் கடிப்பார். இருபது வருஷமாக இதே வேலை என்பதால் அவளுக்கு ஆட்களின் முகம் மறந்துவிடும், வாய் மறக்காது.

சினிமா பார்க்கும்போதும் அவள் கண் அங்கேதான் போகும். தனித்தீவில் தாடி வளர்த்துக்கொண்டு மீன் பிடித்துத் தின்னும் கதாநாயகனைப் பார்த்து ஊரே உருகும்போது, "தாடியெல்லாம் சரிதான், மேல்வரிசையைப் பாருங்க, போன வாரம் வெளுக்க வெச்ச பல்லு" என்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரருக்கு இதனாலேயே பாதிப் படங்கள் பாழாய்ப் போயின. அவர் மட்டும் யோக்கியமா? எந்தப் படத்தில் லிஃப்ட் வந்தாலும், "கயிறு அறுந்தா இப்படியெல்லாம் விழாது, பிரேக் பிடிக்கும்" என்று எழுந்து நின்று விளக்கம் சொல்வார்.

கடைக்காரருக்கு ரீவைண்ட் என்று பெயர் வந்தது கேசட் காலத்திலேயே கடை போட்டவர் என்பதால் மட்டும் அல்ல. எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வார். இவரா பல்லக்காவா, யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கடையில் அலமாரிகளுக்கு மேல் அண்ணன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: அழுகை, சிரிப்பு, அடிதடி, பேய், பிள்ளைகள், இதர. பல்லக்கா இத்தனை காலமும் அழுகை அலமாரியை விட்டு நகர்ந்தவள் இல்லை. படம் முடியும்போது கைக்குட்டை நனையாவிட்டால் மறுநாள் வந்து அண்ணனிடம் சண்டைக்கு நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் போன மாதம் ஒருநாள் நேராக வந்து, அழுகை அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "கல்யாணம் இல்லாத படம் ஒண்ணு குடுங்கண்ணே" என்றாள்.

அண்ணன் காதைத் தேய்த்துக்கொண்டார். "கல்யாணம் இல்லாததா? கல்யாணம் இல்லாததா?"

"கல்யாணம் இருக்கக் கூடாது. புருஷன் பொண்டாட்டி இருக்கக் கூடாது. மாமியார் கூடவே கூடாது. காதலிச்சாலும் கடைசியில கல்யாணத்துலதான் கொண்டுபோய் விடுவாங்க, அதனால காதலும் வேணாம்."

"அப்புறம் படத்துல என்னக்கா இருக்கும்? என்னக்கா இருக்கும்?"

"அதைத்தானே நான் உங்ககிட்ட கேக்கறேன்."

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே தங்கை ஒரு பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள் என்பது மட்டும் தெரியும். வந்த அன்றைக்கே பல்லக்கா கேட்டுப் பார்த்தாள். அடிச்சாரா? இல்ல. குடிக்கிறாரா? இல்ல. வேற யாராவது? இல்லக்கா. அதற்கு மேல் கேட்டால் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டால் உடைந்துவிடுவாள் போலிருக்கிறதே என்று பயந்து பல்லக்கா கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்தத் தங்கை ஒரு காலத்தில் எப்படிப்பட்டவள்! வாய் மூடாது. சாப்பிடும்போது சிரித்துப் புரையேறி, தட்டை ஒதுக்கிவிட்டு மறுபடியும் சிரிப்பாள். அக்காவையே நக்கலடிப்பாள், கத்துவாள், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவாள், கால் மணி நேரத்தில் வந்து, "என்ன சமையல்?" என்பாள். இப்போது அந்த வாயிலிருந்து "ம்", "சரி", "வேணாம்" இந்த மூன்றும்தான் மாறி மாறி வந்தன. போதாக்குறைக்கு, பெண்கள் விடுதி ஒன்றில் இடம் இருக்கிறதா என்று அவள் போனில் விசாரித்தது பல்லக்காவின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பல்லக்காவுக்கு அதே நினைப்புதான். இவளை இப்படியே விட்டால் ஒருநாள் சத்தமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், எங்கோ ஓர் அறையில் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரே ஒரு தடவை பழையபடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள் என்றால் போதும், பேச்சும் பின்னாலேயே வந்துவிடும், போகவும் மாட்டாள். பல்லக்கா போட்ட கணக்கு அது.

ஆகவே வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. சுவரில் மாட்டியிருந்த தங்கள் கல்யாண போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த ஆணியில் ஒரு காலண்டரை மாட்டினாள். புருஷன் பெண்டாட்டி ஒரே சோபாவில் உட்காரக் கூடாது என்று வீட்டுக்காரரைத் தனி நாற்காலிக்கு மாற்றினாள். அவர் வேலை இடத்தில் நடந்த வேடிக்கை எதையாவது ஆரம்பித்தால் கண்ணாலேயே அதட்டுவாள். பாவம், மனுஷர் சிரிக்க வேண்டும் என்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்துவிட்டு வருவார். தங்கையை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. அவள் டம்ளரைக் கழுவ எடுத்தால், "நீ உக்காரு, நீ உக்காரு" என்று பிடுங்கிக்கொள்வாள். ரீவைண்ட் அண்ணனின் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

டிவி மட்டும் வேண்டும். மூன்று பேர் ஓர் அறையில் பேசாமல் உட்கார்ந்திருக்க டிவியை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது? ஆனால் சேனல்களை நம்ப முடியாது. எந்த நேரத்தில் எந்தத் தொடரில் எவள் கண்ணைக் கசக்குவாள் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் டிஸ்க். பின்னட்டையைப் படித்து, முடிவைக் கேட்டு, சலித்துப் புடைத்துக் கொண்டுவரலாம் அல்லவா?

அண்ணன் முதலில் அடிதடி அலமாரியிலிருந்து ஒன்றைக் கொடுத்தார். கடலிலிருந்து எழுந்து வரும் பெரிய பல்லி ஒன்று ஊரையே மிதித்துத் துவைக்கும் படம். பின்னட்டையில் பல்லி, பீரங்கி, விஞ்ஞானி, இவ்வளவுதான்; முடிவைக் கேட்டதற்கு, பல்லி செத்துவிடும் என்றார் அண்ணன். பல்லக்கா நிம்மதியாகப் போட்டாள். பல்லி செத்து விழுந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம். இடிந்த பாலத்தின் மேல் அந்த விஞ்ஞானி, கூட வேலை பார்க்கும் பெண்ணின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்தான். பல்லக்கா ஒரே தாவலில் எழுந்து டிவி முன்னால் நின்று புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். "என்ன தூசு, என்ன தூசு" என்றாள். கடைசியில் வரும் பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிறவரைக்கும் துடைத்தாள்.

அடுத்தது துப்பறியும் படம்; கொலைகாரன் பிடிபடுவான் என்பதுதான் அண்ணன் சொன்ன முடிவு. கொலை செய்தவன் புருஷன். படம் அதைச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதே, அவன் பல்லைப் பார்த்தோ என்னவோ, பல்லக்கா கண்டுபிடித்துவிட்டாள். மின்சாரம் ஏறி இறங்குகிறது, டிவி கெட்டுவிடும் என்று சொல்லி அணைத்தாள். பிள்ளைகள் அலமாரிக்குப் போனாள். அணில்கள் பேசும் கார்ட்டூன். அணில்களுக்குக் கல்யாணம் ஆகும் என்று எந்தப் பின்னட்டையில் போடுகிறார்கள்? பேய் அலமாரியிலிருந்து ஒன்று எடுத்தாள். பேய் எல்லோரையும் விட்டுவிட்டுத் தன் முன்னாள் புருஷனையே தேடிப் பிடித்துக் கழுத்தை நெரித்தது. இதை மட்டும் தங்கை கண் கொட்டாமல் பார்த்தாள் என்பது பல்லக்காவை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் கடையில் போய், "உங்க படமெல்லாம் இவ்வளவு மோசமாண்ணே?" என்று பாய்ந்தாள்.

"படம் என்னக்கா பண்ணும், படம் என்னக்கா பண்ணும்? உலகமே அப்படித்தானே இருக்கு."

கடைசியாக மிஞ்சியது இதர அலமாரி. கடையின் கோடியில், பல்பு எட்டாத மூலையில் இருக்கும். எந்தக் குடும்பத்திலும் சேராத படங்களை அண்ணன் அங்கே அடைத்து வைத்திருந்தார். முதுகு வலிக்கு உடற்பயிற்சி, பழைய கால்பந்து இறுதியாட்டம், எரிமலைகள், மந்திர வித்தை கற்றுக்கொள்வது எப்படி, பறவைகளின் வாழ்க்கை. பல்லக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பறவைகள் என்றதும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கொண்டுபோய்ப் போட்டாள். கனத்த குரலில் ஒருவர், "இந்தப் பறவை வாழ்நாள் முழுதும் ஒரே துணையுடன்" என்று ஆரம்பித்தார். சத்தத்தைக் குறைத்தாள். சத்தம் இல்லாமலும் பறவைகள் அலகோடு அலகு உரசிக்கொண்டிருந்தன. சரி, உயிருள்ளதே வேண்டாம் என்று குளியலறைக்கு ஓடு பதிப்பது எப்படி என்ற டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மூன்று பேரும் அதைக் கடைசிவரை பார்த்தார்கள். "ஒட்டாத இடத்தில் போட்டு அழுத்தாதீர்கள், விரிசல் விடும்" என்று கொத்தனார் சொன்னபோது பல்லக்காவுக்கு முகம் வியர்த்துவிட்டது.

இப்படி அலமாரியே தீரும் நிலையில்தான் அந்த நீர்மூழ்கிக் கப்பல் அவள் கையில் கிடைத்தது. பின்னட்டையை மூன்று தடவை படித்தாள். கடலுக்கு அடியில் பழுதாகி நின்றுபோன கப்பல். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். மூச்சுக் காற்று குறைந்துகொண்டே வருகிறது.

"பொம்பளையே கிடையாதுல்லண்ணே?"

"கிடையாது, கிடையாது. சமையல்காரன் கூட ஆம்பளை."

"கரைக்கு வந்து சேந்தப்புறம் எவளாவது ஓடிவந்து கட்டிப்பிடிப்பாளா?"

"கரைக்கே வரமாட்டாங்கக்கா, கரைக்கே வரமாட்டாங்க. எல்லாரும் காலி."

பல்லக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மூச்சு முட்டிச் சாகப்போகும் அத்தனை பேரையும் பைக்குள் போட்டுக்கொண்டு குதித்துக் குதித்து வீட்டுக்குப் போனாள்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்; அக்காவும் தங்கையும் சோபாவில், வீட்டுக்காரர் அவருக்கு விதித்த நாற்காலியில். பல்லக்கா டிஸ்க்கைப் போட்டாள். படிக்கிற கண்ணாடியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததால் டிஸ்க்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எதுவும் எழுதியிருக்காது.

திரையில் அலை அடித்தது. நீலக் கடல், பொங்கும் நுரை, வானம்.

"பாத்தியா, கடல்" என்றாள் பல்லக்கா. "ரொம்ப நல்ல படமாம். கப்பல் படம்."

கடலுக்கு நடுவிலிருந்து சிவப்பாக ஏதோ ஒன்று மேலே வந்தது. நீர்மூழ்கியின் கொண்டை என்று பார்த்தால், இதயம். இதயத்துக்குள் ஓர் ஆணும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள். இதயம் நான்கு சுற்றுச் சுற்றி வெடித்து, பூவாகக் கொட்டியது. பின்னணியில் புல்லாங்குழல்.

 பல்லக்கா சமாளித்தாள். "அது வந்து, கப்பல் கேப்டனா இருக்கும். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி அவனுக்கு, அந்த மாதிரி ஒரு இது. உடனே போயிடுவான்."

கேப்டன் போகவில்லை. ஒரு மண்டபம் வந்தது. வாசலில் விளக்குச் சரம். வரிசையாக நாற்காலிகள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கேமரா ஒருவரையும் விடவில்லை. ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்ததும் போட்டோ என்று நினைத்து ஆடாமல் அசையாமல் நின்றார். கேமரா நகரவில்லை, அவரும் நகரவில்லை.

"மெதுவா எடுத்திருக்காங்க" என்றார் வீட்டுக்காரர்.

"கலைப்படம் அப்படித்தான் இருக்கும். அப்பத்தான் அவங்கெல்லாம் செத்துப்போறப்ப நமக்குப் பாவமா இருக்கும்."

"இதுல யாரு யாரு கப்பல்ல போறா?"

"பொறுங்களேன், வரும்."

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றார்கள். பரிசு கொடுக்க ஒரு பெரிய வரிசை. ஒவ்வொரு குடும்பமும் ஏறியது, பொட்டலத்தைக் கொடுத்தது, கேமராவைப் பார்த்தது, இறங்கியது. ஒரு குண்டு மாமா மேடையேறி மாப்பிள்ளையின் காதில் என்னவோ சொன்னார்.

"இந்தாளுதான் எதிரி நாட்டு உளவாளி" என்றாள் பல்லக்கா தீர்மானமாக.  அணைக்கலாமா என்றால், மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. தூசும் துடைத்தாகிவிட்டது. ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தாள். தங்கை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உளவாளி மேடையிலிருந்து இறங்கி நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். கேமராவும் பின்னாலேயே போனது. உளவாளி சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிட்டார், சாப்பிட்டார், சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அறையில் மூன்று பேரும் நீர்மூழ்கிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. வீட்டுக்காரர் எடுத்து, எல்லார் காதிலும் விழும்படி வைத்தார்.

"அக்கா, டிஸ்க்கைப் போட்டுட்டீங்களா, போட்டுட்டீங்களா? அது கப்பல் இல்லக்கா, கப்பல் இல்ல. முன்னாடி அதை எடுத்துட்டுப் போனவங்க அவங்க வீட்டுக் கல்யாண டிஸ்க்கைக் கப்பல் பெட்டியில போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கப்பல் அவங்க வீட்டுலதான் ஓடுதாம். ஊர்லேருந்து சொந்தக்காரங்க எல்லாரும் கல்யாணம் பாக்க வந்து உக்காந்திருக்காங்களாம். இவ்வளவு நேரமா ஒரு கிழவர் மட்டும், மாப்பிள்ளையை எப்பக் காட்டுவாங்க, மாப்பிள்ளையை எப்பக் காட்டுவாங்கன்னு கேட்டுட்டே இருக்காராம், எப்பக் காட்டுவாங்கன்னு."

தங்கையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் மாதிரி இருந்தது. பிறகு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. "உளவாளி" என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சோபாவின் கையில் நெற்றியை முட்டிக்கொண்டு, "உளவாளி... சாப்பிடறாரு" என்று தோள் குலுங்கச் சிரித்தாள்.

பல்லக்காவும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். ஒரு மாதமாகக் காத்திருந்த சிரிப்பு அல்லவா? இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி, பிள்ளை முதல் அடி வைப்பதைப் பார்ப்பது போல அவள் முகத்தையே பார்த்தார்கள். தங்கை நிமிர்ந்தாள், அந்த இரண்டு முகங்களைக் கண்டாள். சிரிப்பு பாதியிலேயே அணைந்துவிட்டது.

பல்லக்கா பதறிப்போனாள். "அய்யோ, அணைச்சுடறேன், அணைச்சுடறேன்" என்று எழுந்தாள்.

"இரு" என்றாள் தங்கை. "ஓடட்டும்."

மேடையில் இன்னும் வரிசை முடியவில்லை. மாப்பிள்ளைக்குக் கால் வலி போல, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தான். சின்னப் பெண் ஒருத்தி பரிசைக் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவள் அப்பா பிடுங்கப் பார்த்தார். கல்யாணப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். அலங்காரம் கலையும் என்றோ, கேமரா இருக்கிறது என்றோ நினைக்காமல் வாயை முழுக்கத் திறந்து சிரித்தாள். பல்லக்காவின் கண் பழக்கதோஷத்தில் அங்கே போனது. மேல்வரிசையில் ஒரு பல் கோணல். பெண் அதை மறைக்கவில்லை.

"அவ யாரையும் பாக்காம சிரிக்கிறா பாருக்கா" என்றாள் தங்கை.

"என்னது?"

"நான் அப்படிச் சிரிக்க மாட்டேன். சிரிப்பு வந்தா மொதல்ல அவர் மூஞ்சியைப் பாப்பேன். அவர் சிரிச்சா நானும் சிரிக்கலாம். இல்லேன்னா முழுங்கிடணும். அவர் அடிச்சதில்ல, கத்தினதில்ல. ஒண்ணுமே சொல்ல மாட்டாரு. ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாரு, அவ்வளவுதான். எதுக்குன்னு நானே யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். அழுதாலும் அப்படித்தான். பசின்னு சொல்றதுக்கு முன்னாடி கூடப் பாப்பேன். கதவு திறக்கற சத்தத்துலேயே இன்னைக்கு எந்த மூஞ்சின்னு சொல்லிடுவேன், அவ்வளவு பழக்கம். ஒருநாள் கண்ணாடி முன்னாடி தலை வாரிட்டு இருந்தேன். வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன். ஏதோ ஞாபகம் வந்து சிரிப்பு வந்துச்சு. சட்டுனு கதவைத் திரும்பிப் பாத்தேன்க்கா. அன்னைக்கே பெட்டியை எடுத்துட்டேன்."

வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்தபடியே இருந்தார். ரீவைண்ட் அண்ணன் எப்போதோ வைத்துவிட்டிருந்தார். பல்லக்காவுக்குத் தங்கை புருஷனை வாய்விட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, தங்கை தாங்குவாளா என்று அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இதான்" என்றாள் தங்கை. "இதைத்தான் சொல்றேன். இங்க வந்து பாத்தா, நீயும் மாமாவும் அதையே செய்யறீங்க. பேசறதுக்கு முன்னாடி என்னைப் பாக்கறீங்க, சிரிக்கறதுக்கு முன்னாடி என்னைப் பாக்கறீங்க. மாமா பாவம், குழாயைத் திறந்துவிட்டுச் சிரிக்கிறாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்த வீட்டுல நான் எப்படி இருந்தேனோ, அப்படி இப்ப நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. அவர் இடத்துல நான் உக்காந்திருக்கேன். என்னால அதைத் தாங்க முடியலக்கா. ஹாஸ்டல்ல யாரும் என் மூஞ்சியைப் பாக்க மாட்டாங்கல்ல, அதான் விசாரிச்சேன்."

 ஒரு மாதமாகப் பல்லக்கா என்னென்னவோ செய்திருந்தாள். பல்லியை, அணிலை, பறவையை எல்லாம் சோதித்து உள்ளே விட்டாள். தங்கையை இந்தக் கல்யாணமும் அழ வைக்கவில்லை, அந்த மோதிரமும் அழ வைக்கவில்லை. தான் பார்த்த பார்வைதான் அவளை ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டச் சொன்னது. இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, அந்த மனுஷன் மேல் ஆத்திரமும் பொங்கியது. தலைப்பில் மூக்கைச் சிந்தினாள். அழுதுகொண்டே, "அவன் நாசமாப் போவான்" என்றாள். "பேச மாட்டானாமே, பேச மாட்டான். எங்கிட்ட வரட்டும், ஒரு நாள் கீழ்வரிசைக்கு அளவெடுக்க வரட்டும், வாயை மூடவே முடியாத மாதிரி ஒரு செட்டு பண்ணித் தரேன்." தங்கை என்ன நினைப்பாள் என்று அவள் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துத்தான் திட்டினாள். டிவியில் அப்போது வந்த மாப்பிள்ளைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தாலும் பாதித் திட்டு அவன் தலையில்தான் விழுந்தது.

திட்டி ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள். "திரும்பிப் போகப் போறியா?"

"இல்ல."

"ஹாஸ்டலுக்கு?"

தங்கை யோசித்தாள். "தெரியல. அது உங்களைப் பொறுத்து இருக்கு."

"எங்களைப் பொறுத்துன்னா சரி. நாளையிலேருந்து காலையில பால் வாங்கிட்டு வர்றது உன் வேலை."

தங்கை காலை நீட்டிச் சோபாவில் சாய்ந்தாள். "ஏன், மாமாவுக்குக் கால் இல்லையா?"

வீட்டுக்காரர் இடி இடிப்பது போலச் சிரித்தார்.

"அவருக்குக் காலெல்லாம் இருக்கு, உடம்புதான் வளையாது" என்றாள் பல்லக்கா. "அவர் ஒரு சோம்பேறி, இப்ப நீ ஒரு சோம்பேறி. ரெண்டு பேருக்கும் நான் ஒருத்தியே வடிச்சுக் கொட்டறதா? எந்திரி. எந்திரிச்சு அந்தத் தட்டையெல்லாம் கழுவு."

"படம் முடியட்டுமே."

"கழுவிட்டு வந்து பாரு. அந்தக் குண்டன் எங்கேயும் போயிட மாட்டான்."

தங்கை, "இந்த வீட்டுல ஒரு மனுஷி நிம்மதியா உக்கார முடியுதா?" என்று முனகிக்கொண்டே எழுந்து, போகிற வழியில் கதவைப் படாரென்று சாத்திவிட்டு அடுப்படிக்குள் போனாள்.